திருகோணமலையில பிள்ளையளுக்குக் காட்டு மிருகம் காட்டுறது எப்பிடி? வெறுங்கையோட போங்கோ

லீவு விட்டா எங்கட பக்கம் ஒரே கேள்விதான், பிள்ளையளை எங்க கூட்டிக்கொண்டு போறது எண்டு. கொழும்பில இருந்து வாற சொந்தக்காரர் மின்னேரியா சஃபாரி எண்டு ஜீப்புக்குக் காசு கட்ட நிப்பினம், ஆனா டவுனுக்குள்ளயே நிண்டுகொண்டு மான், குரங்கு, கீரி, வௌவால், அதிர்ஷ்டம் அடிச்சா நீலத்திமிங்கிலம் கூடப் பாக்கலாம், ஜீப்பும் தேவையில்லை. ஒரேயொரு கண்டிசன். வாழைப்பழச் சீப்பும் பிஸ்கட் பக்கெட்டும் இல்லாமப் போகோணும். இதை ஏன் முதல்லயே சொல்லுறன் எண்டா, இஞ்ச மிருகம் மனுசருக்கு இவ்வளவு கிட்ட வாறதால பிள்ளையள் முதல்ல பழகிறதே தீனி போடத்தான், பாக்கப் பழகிறதில்லை. நீங்கள் சாப்பாட்டை நீட்டின உடன அது செய்துகொண்டிருந்த வேலையெல்லாத்தையும் விட்டிட்டு உங்கட கையைப் பாக்கும், பிள்ளை அதின்ர வாயைப் பாக்கும், பாடம் அதோட முடிஞ்சுது. ஒண்டும் நீட்டாம ஒரு அரை மணித்தியாலம் சும்மா நிண்டு பாருங்கோ, அது என்ன தின்னுது, எப்பிடித் தின்னுது, ஆரைக் கண்டா ஓடுது எண்டு ஒவ்வொண்டா வெளியில வரும்.

கொண்டு போறதுக்குப் பெரிசா ஒண்டும் இல்லை. பழைய கொப்பி ஒண்டு, பென்சில், தொப்பி, தண்ணிப் போத்தல், கால் மூடுற சப்பாத்து, பிறகு ஒரு ரெண்டு மீட்டர் நூல், அது எதுக்கெண்டு கீழ சொல்லுறன். பைனாகுலர் இருந்தா நல்லம், இல்லாட்டி போன்ல சூம் பண்ணியே கனக்கப் பாக்கலாம். தண்ணிப் போத்தலைத் தவிர வேற எதையும் பையுக்கு வெளியில வைக்காதேங்கோ, குரங்குக்கு சொப்பின் பேக் சரசரக்கிற சத்தம் நல்லாத் தெரியும்.

போக முதல் வீட்டிலயே ஒரு சின்ன வேலை. பாலூட்டி எண்டா என்னெண்டு புத்தகத்தில உள்ள வரியைப் பாடமாக்க விடாதேங்கோ. பால் குடிச்சு வளரும், காத்தை மூச்சா இழுக்கும், உடம்பு சூடா இருக்கும், மயிர் கொஞ்சமாவது இருக்கும், இந்த நாலையும் சொல்லிப்போட்டு வில்லங்கமான கேள்வியைக் கேளுங்கோ: வௌவால் பறக்குது, அப்ப குருவியா? அழுங்குக்கு (எறும்புதின்னிக்கு) செதிள் இருக்கு, அப்ப முதலை ஆக்களின்ர சொந்தமா? ஓங்கில் (டொல்பின்) தண்ணிக்குள்ள கிடக்குது, அப்ப மீனா? மூண்டுமே பாலூட்டிதான். கடைசிக் கேள்விக்கு மீன் மார்க்கெட்டுக்குப் போற நேரம் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒரு சூரையையோ கெலவல்லாவையோ காட்டி வாலைப் பாக்கச் சொல்லுங்கோ, மீன்ர வால் மேலயும் கீழயுமா நிக்கும், அதால இடம் வலமா ஆட்டித்தான் நீந்தும். ஓங்கிலுக்கும் திமிங்கிலத்துக்கும் வால் தட்டையா விரிஞ்சு கிடக்கும், மேலயும் கீழயுமாத்தான் அடிக்கும். இதைக் கண்ட பிள்ளை பிறகு கடல்ல ஒரு வால் எழும்பினாலே மீனா இல்லையா எண்டு தானே சொல்லும்.

இப்ப கோட்டைக்கு வருவம். பிரட்றிக் கோட்டை வாசலுக்குள்ள போய் கோணேசர் கோயில் ரோட்டில நடந்தாலே மான் நிக்கும், சில நாள் டச்சு பே கடற்கரையிலயும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்திலயும் நிக்கும், மாடு மாதிரி ரோட்டைக் கடக்கும். எங்கட பிள்ளையளுக்கு இது புதினமே இல்லை, அதுதான் பிரச்சினை, ஒருத்தரும் வடிவாப் பாக்கிறேல்லை. விடிய ஆறு, ஆறரைக்குப் போங்கோ இல்லாட்டி பின்னேரம் நாலரைக்குப் பிறகு. மத்தியான வெயிலுக்கு எல்லாம் நிழல்ல படுத்து அசை போட்டுக்கொண்டு கிடக்கும். (அசை போடுறதைப் பாக்கிறதும் ஒரு பாடம்தான், தாடை ஒரு பக்கமா அரைக்கும், பிறகு தொண்டையில ஒரு உருண்டை கீழ இறங்கும், கொஞ்ச நேரத்தில இன்னொண்டு மேல வரும். மாடு, ஆடு, மான் எல்லாத்துக்கும் வயிறு நாலு அறை, மேல் முன்வாயில பல்லு இல்லை, தடிப்பான முரசு (ஈறு) தான்.)

முதல் வேலையாப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ, மூண்டு விதமான ஆண் மானைக் கண்டுபிடி எண்டு. ஒண்டு கொம்பு நல்லாக் காய்ஞ்சு கூரா, கட்டியா இருக்கிறது. மற்றது கொம்புக்கு மேல மெத்தெண்ட தோல் போத்தி, நுனி உருண்டையா இருக்கிறது, அந்தக் கொம்பு இன்னும் வளருது, உள்ளுக்குள்ள ரத்தம் ஓடுது, தொட்டா நோகும். மூண்டாவது கொம்பு விழுந்து தலையில ரெண்டு மொட்டை மட்டும் இருக்கிறது, இதைத்தான் கன பேர் பெண் மான் எண்டு பிழையா நினைக்கிறது. புள்ளிமானுக்குக் கொம்பு ஒவ்வொரு வருசமும் விழுந்து முளைக்கும், ஆனா எல்லாத்துக்கும் ஒரே மாசத்தில விழாது, அதால ஒரே கூட்டத்துக்குள்ளயே இந்த மூண்டையும் காணலாம். மாட்டுக் கொம்பு அப்பிடியில்லை, விழாது, சாகு மட்டும் வளரும். விழுந்த மான் கொம்பைக் காட்டில முள்ளம்பன்றி வந்து கொறிக்கும், அதுக்குக் கல்சியம் வேணும். அந்த இடத்தில எந்தப் பிள்ளையும் கேக்கும், முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி எறியுமா எண்டு. எறியாது. பின்பக்கமா வந்து இடிக்கும், முள்ளு குத்தினதில கழண்டு நிக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது மான்ர பயத்தைப் படிக்கிறது. கூட்டத்துக்குப் பக்கத்தால ஒரு நாய் வந்தா என்ன நடக்குது எண்டு பாருங்கோ. முதல்ல ஒண்டு தலையைத் தூக்கும், காது ரெண்டும் ஒரே பக்கம் திரும்பும், முன்னங்காலை ஒருக்கா நிலத்தில அடிக்கும், பிறகு வாலைத் தூக்கும், வாலுக்குக் கீழ வெள்ளை பளிச்செண்டு தெரியும், அதைக் கண்டு மற்றதுகளும் உசாராகும். நீங்கள் கிட்டப் போகேக்கயும் இதேதான். தலையைத் தூக்கினா நில்லுங்கோ, காலை அடிச்சா ரெண்டடி பின்னுக்கு வாங்கோ. இந்த விளையாட்டை ஒருக்காச் சொல்லிக் குடுத்தா பிள்ளையள் மானைத் துரத்துறதையே விட்டிடும்.

தீனி விசயத்தையும் இஞ்சயே சொல்லிப்போடுறன், பிறகு திரும்பத் திரும்பக் கத்தமாட்டன். கோட்டைக்கு வாற ஆக்கள் சோத்துப் பார்சலைச் சாப்பிட்டிட்டு லஞ்ச் சீற்றை எறியிறது, மானுக்கு அதில இருக்கிற உப்பும் கறி வாசமும் பிடிக்கும், சீற்றோட சேத்து விழுங்கும். அசை போடுற வயித்துக்குள்ள போன பொலித்தீன் அங்கால போகாது, கட்டியாகி நிக்கும், வயிறு நிரம்பின மாதிரி இருக்கும், மான் பட்டினியில மெலிஞ்சு சாகும். பிள்ளைக்கு இதைச் சொல்ல ஏலும், சொல்லத்தான் வேணும், அஞ்சு வயசுக்கு விளங்காத விசயமில்லை இது. ஆறுதலா ஒரு சுத்துச் சுத்தி, தின்னக் கூடாத எத்தினை சாமான் நிலத்தில கிடக்குது எண்டு கொப்பியில எழுதச் சொல்லுங்கோ. பொறுக்கிறதெண்டா பெரியாக்கள் கையுறை போட்டுக்கொண்டு பொறுக்குங்கோ. மானைத் தடவவும் வேண்டாம், உண்ணி இருக்கும், ஆண் மான்ர கொம்பு பிள்ளையின்ர கண்ணுக்கு நேரதான் நிக்கும்.

குரங்கு ரெண்டு சாதி, ரெண்டையும் குழப்பக் கூடாது. கோயிலடி, கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் எல்லாம் அர்ச்சனைத் தட்டைப் பறிச்சுக்கொண்டு ஓடுறது சின்னன், செம்மண் நிறம், உச்சியில மயிர் சுழி விட்டு வட்டத் தொப்பி போட்ட மாதிரி இருக்கும். இந்தச் சாதி உலகத்தில வேற ஒரு நாட்டிலயும் காட்டில இல்லை, இலங்கையில மட்டும்தான், லண்டனில இருந்து வாற பிள்ளையளுக்கு முதல்ல இதைச் சொல்லுங்கோ, குரங்குக்கு மரியாதை கூடும். அது பறிச்ச உடன விழுங்காது, கன்னத்துக்குள்ள இருக்கிற பையில அடைஞ்சுகொண்டு மரத்தில ஏறியிருந்து பிறகுதான் ஒவ்வொண்டா எடுத்துச் சப்பும், கன்னம் ரெண்டும் வீங்கி நிக்கிறதைப் பாத்தே கண்டுபிடிக்கலாம். மற்றது கறுத்த முகக் குரங்கு, சாம்பல் நிறம், நீட்டு வால், உடம்பு ஒல்லி. அது இலைக்காரன். அதின்ர வயிறும் அறை அறையாத்தான் இருக்கும், இலையைப் புளிக்க வைச்சுத்தான் சீரணிக்கும், அதுக்குப் போய் பணிசும் ரொபியும் குடுத்தா வயிறு கெட்டுப் போகும். இலைக்காரன் மரத்தில இருந்து தின்னேக்க பாதியைக் கீழ கொட்டும், கீழ மான் வந்து பொறுக்கித் தின்னும், காட்டுக்குள்ள இது ரெண்டும் இப்பிடித்தான் கூட்டு. மேல இருக்கிறது சிறுத்தையைக் கண்டா குரல் குடுக்கும், கீழ நிக்கிறது மணம் பிடிச்சுக் காலை அடிக்கும்.

குரங்குக்குக் கிட்ட ஒரு விசயம் முக்கியம். பிள்ளையளுக்குப் பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம், கண்ணுக்குள்ள உத்துப் பாக்க வேண்டாம் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ. எங்களுக்கு அது பாசம், செங்குரங்குக்கு அது சண்டைக்குக் கூப்பிடுறது. கையில இருக்கிறதைப் பிடிச்சு இழுத்தா விட்டிடச் சொல்லுங்கோ, போத்தலுக்காக ஒரு கடி வாங்கத் தேவையில்லை.

கோயில் வரைக்கும் போனா கும்பிட்டிட்டு உடன இறங்காதேங்கோ. இராவணன் வெட்டுப் பக்கம் கடலைப் பாத்துக்கொண்டு நிக்கக்கூடிய இடமா ஒண்டைப் பிடியுங்கோ, பிள்ளையின்ர கையை விடாதேங்கோ, அங்க பாறை நேராக் கீழ இறங்குது. மற்ற ஊர்களில திமிங்கிலம் பாக்க மணிக்கணக்காப் படகில போகோணும், எங்களுக்குக் கோயில் இருக்கிற சுவாமி மலையில நிண்டே பாக்கக் கிடைக்கிறதுக்குக் காரணம் கடலுக்கு அடியில இருக்கு. துறைமுக வாயிலுக்குக் கிட்டவே ஒரு பெரிய பள்ளத்தாக்குத் தொடங்கி வெளிக்கடல் மட்டும் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிப் போகுது. ஆழக்கடல் சீவன் கரைக்குக் கிட்ட வாறது அதாலதான். மார்ச்சில இருந்து ஓகஸ்ட், செப்டெம்பர் மட்டும் நல்ல காலம், கச்சான் காத்து (தென்மேல் காத்து) பலமா அடிக்காத விடியக்காலமையா இருக்கோணும். வாடை தொடங்கி மாரி வந்தா கடல் கொந்தளிக்கும், வெள்ளை நுரைக்குள்ள ஒண்டும் தெரியாது.

பாக்கிற முறை இருக்கு. கடல் முழுக்கக் கண்ணை ஓட்டாம ஒரு துண்டை மட்டும் எடுத்து இடத்தில இருந்து வலத்துக்கு ஆறுதலாப் போங்கோ. தேடுறது உடம்பை இல்லை, மூச்சை. திமிங்கிலம் மேல வந்து மூச்சு விடேக்க வெள்ளைப் புகை மாதிரி ஒரு தூண் எழும்பும். நேரா, உயரமா, எட்டு ஒன்பது மீட்டர் வரையில எழும்பினா நீலத்திமிங்கிலமா இருக்க நல்ல சாத்தியம். கட்டையா, முன்னுக்கு இடப்பக்கம் சரிஞ்சு போனா விந்துத் திமிங்கிலம், அதுக்கு மூச்சு விடுற ஓட்டை தலையின்ர இடது பக்கத்தில ஒண்டுதான். மூச்சு ஒண்டைக் கண்டவுடன எண்ணத் தொடங்குங்கோ. நாலைஞ்சு தரம் விடும், பிறகு முதுகு வளையும், வால் எழும்பும், போட்டுது. இப்ப பிள்ளைட்ட மணிக்கூட்டைக் குடுங்கோ. நீலத்திமிங்கிலம் எண்டா ஒரு பத்து நிமிசம் வரையில திரும்ப வரும், விந்துத் திமிங்கிலம் ஒரு மணித்தியாலம் கூடக் கீழ நிக்கும். பத்து நிமிசம் ஒரு சின்னப் பிள்ளை வாய் மூடிக்கொண்டு கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறது எண்டா அதே ஒரு அதிசயம்தான், அதுக்காகவாவது போங்கோ.

ரெண்டும் என்ன தின்னுது எண்டு கேட்டா பிள்ளையள் சுறா, மனுசன் எண்டெல்லாம் சொல்லுவினம். இதுவரைக்கும் உலகத்தில இருந்த மிருகங்களுக்குள்ள ஆகப் பெரிசு நீலத்திமிங்கிலம், குட்டி பிறக்கேக்கயே ஏழு மீட்டர் நீளம், ஆனா தாய் தின்னுறது கூனி மாதிரிச் சின்னஞ்சிறு றால் சாதியை. பல்லே இல்லை. வாய்க்குள்ள மேல் தாடையில நாருநாராத் தொங்கிற தகடு இருக்கு, ஒரு வாய் தண்ணியை அள்ளி அந்த நாருக்குள்ளால வெளியில தள்ளும், தண்ணி போகும், றால் நிக்கும். விந்துத் திமிங்கிலத்துக்குக் கீழ்த்தாடையில பல்லு இருக்கு, அது ஆழத்துக்குப் போய்க் கணவாய் பிடிக்கும், பெரிய பெரிய கணவாய். வீட்டில கணவாய்க் கறி வைக்கிற அண்டைக்கு இதைச் சொன்னா மறக்கமாட்டினம்.

1979இல இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலச் சரணாலயம் எண்டு அறிவிச்ச பிறகு, 1980களின்ர தொடக்கத்தில ரியூலிப் எண்டொரு பாய்க்கப்பல்ல வந்த ஆராய்ச்சிக்காரர் திருகோணமலைக் கடல்லதான் இந்த நீலத்திமிங்கிலங்களைப் பாத்துப் பதிஞ்சவை. எங்கட கடல்தொழில் ஆக்களுக்கு அது முதலே தெரியும், அவையிட்ட ஒருத்தரும் கேக்கேல்லை, அது வேற கதை. உங்கட சொந்தத்துக்குள்ள ஆழக்கடலுக்குப் போற ஒரு பெரியப்பாவோ மாமாவோ இருந்தா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கதை கேளுங்கோ, எந்தப் புத்தகத்திலயும் இல்லாத விசயம் வரும்.

படகில போறதெண்டா உப்புவெளி, நிலாவெளியில இருந்து போகலாம். லைஃப் ஜக்கெட் பிள்ளையின்ர அளவுக்கு இல்லாட்டி ஏறாதேங்கோ, பெரியாக்களின்ர ஜக்கெட் பிள்ளையின்ர தலைக்கு மேலால கழண்டு வரும். ஏற முதலே ஓட்டுறவரிட்டச் சொல்லுங்கோ, துரத்த வேண்டாம், 100 மீட்டர் தள்ளி எஞ்சினைக் குறைச்சுக்கொண்டு நிண்டா காணும் எண்டு. சுத்திக்கொண்டு திரியிற ஓங்கில் கூட்டம் தானாப் படகுக்குக் கிட்ட வரும், வானத்துக்குப் பாஞ்சு பம்பரம் சுத்துற சாதி அது, பிள்ளையளுக்குத் திமிங்கிலத்தை விட அதுதான் பிடிக்கும். கடற்பசுவைத் தேடி இஞ்ச நிக்க வேண்டாம், அது கடற்புல்லு மேயிறது, மன்னார்ப் பக்கம்தான் அதின்ர இடம்.

யானைக்கு வருவம். கந்தளாய் தாண்டி அக்போபுர, கல் ஓயா, ஹபரணை மட்டும் அந்த ரோட்டில பின்னேரத்துக்குப் பிறகு யானை நிக்கும், கந்தளாய்க் குளத்துப் பக்கமும் வரும். ரோட்டோரமா நிக்கிற யானைக்குச் சில பேர் வானை நிப்பாட்டிச் சோளமும் பழமும் எறியிறதைக் காணலாம், அதைப் பாத்துப் பழகின யானை பிறகு ஒவ்வொரு வானா மறிக்கத் தொடங்கும், குடுக்காட்டிக் கண்ணாடிக்குள்ள தும்பிக்கையை விடும். நீங்கள் நிப்பாட்டாதேங்கோ. பிள்ளையளோட மோட்டர் சைக்கிள்ல பொழுதுபட்டா அந்தப் பக்கம் போகவே வேண்டாம். நாட்டில இப்ப ஒவ்வொரு வருசமும் நூறு பேருக்கு மேல யானையால சாகினம், யானை முந்நூறுக்கு மேல சாகுது, இதில சும்மா விளையாட்டு இல்லை.

யானையைப் பாக்காமலே யானையைப் படிக்கலாம், அதுக்குத்தான் அந்த நூல். வயல் கிராமத்தில உங்கட ஆக்கள் இருந்தா, பட்டப்பகல்ல, அந்த ஊராக்கள் போகலாம் எண்டு சொன்ன இடத்துக்கு மட்டும் போய், குளத்தங்கரைச் சேத்தில காய்ஞ்ச அடியொண்டைத் தேடுங்கோ. வட்டமா இருக்கிறது முன்னங்கால், கொஞ்சம் நீட்டா முட்டை வடிவில இருக்கிறது பின்னங்கால். முன்னங்கால் அடியைச் சுத்தி நூலைப் பிடிச்சு அளந்து அதை ரெண்டால பெருக்குங்கோ, அந்த யானையின்ர தோள் உயரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அடி 120 சென்ரிமீட்டர் சுத்தளவு எண்டா யானை கிட்டத்தட்ட 240 சென்ரிமீட்டர். வீட்டுக்கு வந்து சுவரில அந்த உயரத்தில சோக்கால கோடு போட்டுப் பிள்ளையைக் கீழ நிப்பாட்டுங்கோ. கணக்குப் படிக்க மாட்டன் எண்டு அழுற பிள்ளையும் இந்தப் பெருக்கலை அடுத்த நாள் அம்மம்மாக்குக் காலுக்கும் செய்து பாக்கும் (மனுசருக்கு இது சரிவராது, அதையும் கண்டுபிடிக்கட்டும்).

பக்கத்தில லத்தி கிடந்தா அருவருக்காதேங்கோ, காய்ஞ்சதாப் பாத்து ஒரு தடியால பிரிச்சுப் பாருங்கோ. யானை ஒரு நாளைக்கு 150 கிலோ வரையில தின்னும், அதில பாதி கூடச் சீரணிக்காது, புல்லு நார், மரப்பட்டை, விதை எல்லாம் அப்பிடியே கிடக்கும். விளாம்பழ சீசன்ல விளாம் ஓடு கிடக்கும். அந்த விதையள்தான் பிறகு முளைச்சு வேற இடத்தில மரமாகிறது. எங்கட யானையளுக்குக் கொம்பு (தந்தம்) கண்டா அதிசயம் எண்டதையும் சொல்லுங்கோ, இலங்கையில ஆண் யானையிலயே நூறுக்குப் பத்துக்கும் குறைவாத்தான் கொம்பன், பெண்ணுக்கு இல்லை. படம் கீறச் சொன்னா எல்லாப் பிள்ளையும் பெரிய கொம்போடதான் கீறும்.

கரடி, சிறுத்தை ரெண்டையும் பிள்ளையளுக்குக் கதையில சொன்னாக் காணும், தேடிப் போற சாமான் இல்லை. பாலைப்பழ காலத்தில, ஆனி ஆடியில, பாலை மரத்துக்குக் கரடி ஏறும், மற்ற நேரம் கறையான் புத்தைக் கிண்டி உறிஞ்சும், மேல் முன்பல்லு ரெண்டு இல்லாததால உறிஞ்ச வசதி. காட்டில திடீரெண்டு சந்திச்சா முகத்துக்குத்தான் பாயும். குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் காட்டோரத்தில தேன், விறகு எண்டு போறவையிட்டக் கேளுங்கோ, யானையை விடக் கரடிக்குத்தான் பயம் எண்டுவினம். சிங்கமும் வரிப்புலியும் இந்த நாட்டுக் காட்டில இல்லை. சின்னாக்கள் கட்டாயம் கேப்பினம், முதலே சொல்லிவிடுங்கோ.

வீட்டு வளவுக்கு என்ன குறை? கீரியைப் பாருங்கோ, வால் நுனி கறுப்பா, மேல வளைஞ்சு நிண்டா அது ஒரு சாதி, முழுக்கச் சாம்பலா வாலைத் தாழ்த்திக்கொண்டு ஓடுறது மற்றது. ராத்திரி கூரைக்கு மேல தடதடவெண்டு ஓடுறது பேயில்லை, மரநாய், பப்பாளி பழுத்தா வரும். வேலிக்கரையில உருண்டையா, காய்ஞ்சு, நார் தெரியிற புழுக்கை குவிஞ்சு கிடந்தா முயல், நீட்டா ஒரு பக்கம் கூரா இருந்தா மானாயிருக்கும். வெயிலுக்குள்ள மழை பெய்தா நரிக்குக் கலியாணம் எண்டு பாடுற பிள்ளையளுக்கு உண்மையான நரியின்ர ஊளையைக் கேக்க வையுங்கோ, வெளிப்பக்கக் கிராமங்களில பொழுதுபட ஒண்டு தொடங்க மற்றதெல்லாம் சேரும். நரிக்கொம்பு எண்டு தாயத்துக்கு ஏதோ விப்பினம், நரி நாய்க் குடும்பம், அதுக்கு ஏது கொம்பு, அந்தக் காசுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் குடுங்கோ.

வௌவாலுக்கு விடியதான் நேரம். பழந்தின்னி வௌவால் வந்துபோன மரத்துக்குக் கீழ சப்பித் துப்பின சக்கை கிடக்கும், சின்ன உருண்டையா, காய்ஞ்ச நார், அதில வௌவாலின்ர மேல்வாய் அச்சுக் கூடப் பதிஞ்சிருக்கும். அது பழத்தை வாய்க்குள்ள நசிச்சுச் சாறை மட்டும் குடிக்கும். சக்கையையும் கடிச்ச பழத்தையும் கையால எடுக்க வேண்டாம், தடியால புரட்டிப் பாருங்கோ, பல்லுக் காயம் பட்ட மாம்பழத்தைக் கழுவியும் தின்னக் குடுக்காதேங்கோ. சிறகு எப்பிடி எண்டு காட்டப் பிள்ளையின்ர கையையே விரிக்கச் சொல்லுங்கோ, வௌவாலின்ர சிறகும் கைதான், நாலு விரல் நீண்டு அதுக்கிடையில தோல், பெருவிரல் மட்டும் வெளியில கொளுவியா நிக்கும்.

தேவாங்கு பாக்க ஆசையெண்டா இரவில, பெரியாக்கள் ரெண்டு பேராவது சேர்ந்து, தெரிஞ்ச வளவுக்கு மட்டும் போங்கோ. டோர்ச்சுக்கு முன்னால சிவப்புக் கண்ணாடித்தாளை ரப்பர்பாண்ட் போட்டு இறுக்குங்கோ, வெள்ளை வெளிச்சம் அதின்ர பெரிய கண்ணைக் கூச வைக்கும். பற்றைக்குள்ள செம்மஞ்சளா ரெண்டு புள்ளி மின்னி, ஆறுதலா நகர்ந்தா அதுதான். முதல் வெளிச்சம் எப்பவும் நிலத்துக்கு, புடையன் பாம்பு கிடக்கும், சப்பாத்து இல்லாத பிள்ளை வீட்டில நிக்கட்டும்.

இனி அவசரத்துக்கு. குரங்கோ கீரியோ வௌவாலோ எது கடிச்சாலும், கீறினாலும், சின்னக் காயமெண்டு விடாதேங்கோ. சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில பதினைஞ்சு நிமிசம் கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, மஞ்சளும் கோப்பித்தூளும் பூசிக்கொண்டு இருக்க வேண்டாம், விசர் நோய் (ரேபிஸ்) வந்தாப் பிறகு காப்பாத்த ஏலாது. பிள்ளையளிட்ட முதலே சொல்லி வையுங்கோ, கடி வாங்கினதைச் சொன்னா அடிக்கமாட்டன் எண்டு, பயத்தில மறைக்கிறதுதான் ஆபத்து. காயம்பட்ட மிருகத்தைக் கண்டா வனசீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 எண்ட இலக்கத்துக்கு அடியுங்கோ. கோட்டைக்குள்ள மான் குட்டி ஒண்டு புல்லுக்குள்ள தனியப் படுத்திருந்தா அது அநாதை எண்டு தூக்காதேங்கோ, தாய் அதை அங்க ஒளிச்சுப்போட்டு மேயப் போயிருக்கும், நீங்கள் பக்கத்தில நிக்கும் மட்டும் வராது. தள்ளிப் போய் ஒரு மரத்துக்குப் பின்னால நில்லுங்கோ, நாய் சுத்தினா மட்டும் விரட்டிவிடுங்கோ.